லாவோ மக்களிடம் நாம் சறுக்கும் இடங்கள்

லாவோஸில் போய் இறங்கும் தமிழருக்கு முதல் நாளே ஒரு நிம்மதி வந்துவிடும். கைகூப்பி வணங்குகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறார்கள், கையால் சாப்பிடுகிறார்கள். புத்தாண்டும் ஏப்ரல் நடுவில்தான். ராமாயணம்கூட ‘பா லாக் பா லாம்’ என்ற பெயரில் அங்கே உண்டு. நம் ஊர் மாதிரிதானே என்று தோன்றிவிடும். பெரும்பாலான சறுக்கல்கள் அந்த நினைப்பில்தான் நடக்கின்றன.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அவர்களின் அன்றாட உணவு ‘காவ் நியாவ்’ எனும் ஒட்டும் அரிசி. செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பசைத்தன்மை தெரியும். ஆவியில் வேகவைத்து, ‘திப் காவ்’ என்கிற மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் கொண்டுவந்து வைப்பார்கள். அதைத் தட்டில் மொத்தமாகக் கவிழ்த்து, பக்கத்தில் இருக்கும் குழம்பை ஊற்றிப் பிசையத்தான் நம் கை போகும். பிசையவும் வராது, பார்க்கிறவர்களுக்கும் சங்கடம். கூடையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, விரல்நுனியில் உருட்டி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் காரத் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். முடித்ததும் கூடையை மூடிவிடுங்கள்; திறந்து கிடப்பது ஆகாது என்பார்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘தம் மாக் ஹுங்’ பார்ப்பதற்கு வெறும் பப்பாளிக்காய்த் துருவல்தான். ஆனால் இடிக்கும்போதே ‘படேக்’ எனும் நொதித்த மீன் சாறு உள்ளே போய்விடும். உட்கார்ந்த பிறகு முகம் சுளிப்பதைவிட, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கருவாட்டுக் குழம்பு மணக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

அடுத்தது தலை. குழந்தையைக் கண்டதும் தலையைத் தடவி ‘நல்லா இரு’ என்பது நமக்கு ஆசீர்வாதம். அங்கே அதைச் செய்யாதீர்கள். உடம்பில் தலைதான் உயர்ந்த இடம், கால் தாழ்ந்தது. அதனால் பெரியவர்களை நோக்கிக் காலை நீட்டி உட்காருவதும் கூடாது. மனித உடலில் 32 ‘குவான்’கள் குடியிருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. உயிர்க்காவல் என்று வைத்துக்கொள்ளலாம். பயணம், நோய், திருமணம் போன்ற சமயங்களில் அவை சிதறிப்போகாமல் அழைத்துக் கட்டும் சடங்குதான் ‘பாசி’. வெள்ளை நூலை மணிக்கட்டில் கட்டி வாழ்த்துவார்கள். அறைக்குத் திரும்பியதும் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். குறைந்தது மூன்று நாள் கையில் இருக்கட்டும், அப்புறமும் வெட்டாமல் அவிழ்த்து எடுங்கள்.

கிளம்புகிறவரை ‘எங்கே போறே?’ என்று கேட்டால் நம் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். லாவோஸில் ‘பாய் சாய்?’ என்று அதையேதான் வணக்கம் மாதிரி கேட்பார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று முறைக்க வேண்டாம். ‘சந்தைக்கு’, ‘சும்மா நடந்துட்டு வரேன்’, எதுவானாலும் சரி, ஒரு பதில் போதும்.

நமக்கு மிகவும் சிரமமானது குரல். பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று பழகியவர்கள் நாம். அங்கே குரலை உயர்த்துகிறவர்தான் மரியாதையை இழப்பார். எதிரில் இருப்பவர் சிரித்தபடி ‘போ பென் ஞாங்’ என்பார். ‘பரவாயில்லை’ என்று பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. சில நேரம் அது மெல்லிய மறுப்பு. சில நேரம் பேச்சை இத்தோடு விடலாம் என்ற வேண்டுகோள்.

லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வந்து உணவுப் பிச்சை ஏற்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்துப் படம் எடுப்பது கொடுமை. தள்ளி நின்று பாருங்கள். உணவு இடுவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடையில், செருப்பைக் கழற்றி, தாழ உட்கார்ந்து இடுங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. பிக்கு நன்றி சொல்லமாட்டார். கொடுக்க வாய்த்தவர்தான் நன்றிக்கடன் பட்டவர்.

யார் வீட்டிலாவது இரவு தங்குவதானால் ஊர்த் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரை ‘நாய் பான்’ என்பார்கள். பயப்பட வேண்டாம், அங்கே ‘நாய்’ என்றால் தலைவர்.

பாங்காக் வழியாக வருகிறவர்கள் தாய்லாந்து மொழியில் ‘சவாதி’ என்று ஆரம்பித்து, இரண்டு நாடும் ஒன்றுதான் என்று முடிப்பார்கள். இந்த ஒப்பீடு உறுத்தும். பாங்காக்கின் புகழ்பெற்ற மரகத புத்தர் சிலை 1779-இல் லாவோஸின் இன்றைய தலைநகரான வியஞ்சானிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) படை எடுத்துப்போனது. 1828-இல் அதே படை அந்த நகரத்தையே தரைமட்டமாக்கியது. சிலை இருந்த ஹோ பா கேவ் கோயில் இன்று அந்த மரகத புத்தர் இல்லாத அருங்காட்சியகம். ‘சபாய்டீ’ என்று வணங்கி, ‘கோப் சாய்’ என்று நன்றி சொன்னாலே முகம் மலரும்.

வெளிநாட்டில் வாழும் லாவோக்களிடம் வேறு கவனம் தேவை. 1975-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும், அதன் பின்னும், ஏறக்குறைய பத்தில் ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறினார். அமெரிக்கா, பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் குடியேறினார்கள். முதல் சந்திப்பிலேயே ‘ஊருக்குப் போனீங்களா?’ என்று விசாரிக்காதீர்கள். அது எல்லோருக்கும் சுலபமான கேள்வி அல்ல. அப்படி வெளியேறியவர்களில் ஹ்மொங் மக்களும் இருக்கிறார்கள். லாவோஸ் அரசு ஏற்றுள்ள 50 இனக்குழுக்களில் ஒன்று அது. மொழி வேறு, சடங்குகள் வேறு. அவர்களை லாவோ என்றும் லாவோவை ஹ்மொங் என்றும் அழைத்தால் இரு தரப்புக்கும் பிடிக்காது.

கொடியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அலுவலகப் பண்பாட்டு விழாவுக்கு இணையத்தில் தேடினால் சிவப்பு, நீலம், நடுவில் வெள்ளை வட்டம் கொண்ட கொடி வரும். அதுதான் இன்றைய தேசியக் கொடி. அகதியாக வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அது தங்களை விரட்டிய ஆட்சியின் அடையாளம். அவர்கள் ஏற்றுவது சிவப்பில் மூன்று தலை வெள்ளை யானை உள்ள பழைய அரசக் கொடி. அந்த யானையின் பெயர் எரவான்; நம் ஐராவதமேதான். அதையே லாவோஸுக்குள் விரித்தால் போலீஸ் தொல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் லாவோ நண்பரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.