கோடையில் முட்டை ஓடு மெலிந்தால்

சித்திரை பிறந்ததும் நம் திருநெல்வேலிப் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் குறை இது: முட்டை இடுகிறது, ஆனால் எடுக்கும்போதே விரல் பட்டு ஓடு நொறுங்குகிறது. கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டாம். வெயிலில் கோழி வாயைப் பிளந்து இளைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துவிடுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட் போதாமல் போகிறது. தீனியும் சரியாக எடுக்காததால் சுண்ணாம்புச் சத்துக்கும் தட்டுப்பாடு.

கிளிஞ்சலை வாங்கி, குருணையைவிடச் சற்றுப் பெரிதாக இடித்து, ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அது ஆகாது. சாயங்காலம் வைப்பது நல்லது, ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. சுட்ட சுண்ணாம்பை மட்டும் தவறியும் வைக்காதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும்.

வீட்டு முட்டை ஓட்டைப் போடுவதானால் வறுத்துப் பொடித்துப் போடுங்கள். முழு ஓட்டைத் தின்று ருசி கண்ட கோழி, அடுத்து கூட்டிலேயே முட்டையை உடைத்துக் குடிக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும் பாடு. வேப்ப மர நிழலில் மண்சட்டித் தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்றிவிட்டால் இளைப்பும் தணியும்.