கோட்டையை மதியத்துக்குள் பிடிக்காதீர்கள்

இடைக்கால ஐரோப்பாவை வைத்துப் போர்க்கதை எழுதும் புதியவர்கள், படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அன்றைய ஐரோப்பாவில் இல்லாத உருளைக்கிழங்கைப் பாசறையில் வேகவைப்பது போன்ற பிழைகளை எல்லாரும் சொல்லியாயிற்று, விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் விழும் கோட்டை

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சமீபத்தில் படித்த கதையில் விடிந்ததும் முற்றுகை, மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடியேற்றம். நடுவில் நாலு ஏணி, ஒரு வீர வசனம்.

அன்றைய போரில் பெரும்பகுதி முற்றுகைதான். களத்தில் நேருக்கு நேர் மோதினால் ஒரே நாளில் எல்லாம் போய்விடலாம் என்று தளபதிகள் பயந்தார்கள். 1346 ஆகஸ்டில் பிரான்சின் கிரேசியில் களப்போரை ஒரே நாளில் வென்ற இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு, அடுத்து அங்கே கலே துறைமுக நகரைப் பிடிக்க ஏறக்குறைய 11 மாதம் பிடித்தது. அதுவும் பட்டினி போட்டுத்தான்.

அவசரமா? சரி, சுவருக்கு அடியில் தோண்டுங்கள். 1215இல் ரோச்செஸ்டர் கோட்டையைச் சூழ்ந்த இங்கிலாந்து மன்னர் ஜான், சாப்பாட்டுக்கு ஆகாத கொழுத்த பன்றிகளாகப் பார்த்து 40 அனுப்பச் சொல்லி எழுதினார். சுரங்கத்தில் மண் சரியாமலிருக்க மரக்கம்பங்களை முட்டுக்கொடுத்திருப்பார்கள். பன்றிக்கொழுப்பை வைத்து அவற்றைக் கொளுத்தினால் மேலே இருப்பது உட்கார்ந்துவிடும். அப்படித்தான் கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. அப்புறமும் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்துக்குள் இருந்த குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய்ச் சண்டை போட்டார்கள்! கடைசியில் பசிதான் பணியவைத்தது. மொத்தம் சுமார் ஏழு வாரம். பிற்பாடு திருப்பிக் கட்டிய அந்த மூலை மட்டும் இன்றும் வட்டமாக நிற்கிறது, மற்ற மூன்றும் சதுரம்.

1203-04இல் வட பிரான்சில் நார்மண்டியின் கயார் கோட்டையில், உணவு தீர்ந்துவிடும் என்று அடைக்கலம் வந்த ஊர்க்காரர்களை வெளியே அனுப்பினார்கள். முதலில் போனவர்களுக்குக் கோட்டையைச் சூழ்ந்திருந்த பிரெஞ்சுப் படை வழிவிட்டது, பின்னால் வந்தவர்களை மறித்தது. கோட்டைக்காரர்களும் திரும்ப உள்ளே சேர்க்கவில்லை. குளிர்காலத்தில் சுவருக்கும் பாசறைக்கும் நடுவே கிடந்து பலர் செத்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஏணியா?

கவசம்

கவச வீரர் விழுந்தால் எழவே முடியாது என்று எழுதாதீர்கள். உடல் முழுக்க மூடும் இரும்புத் தகட்டுக் கவசமே 20-25 கிலோதான். விழுந்தவர் தானே எழுந்துகொள்வார்.

கைதிகள்

சிக்கிய பிரபுவை உடனே வெட்டாதீர்கள், அவர் பணம். 1356இல் புவாட்டியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு, 1360இல் பேசிமுடித்த மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசு.

வயிற்றுப்போக்கு

1415இல் பிரான்சின் ஆர்ஃப்ளர் நகர முற்றுகையில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் படையை வாட்டியது சீதபேதி. உங்கள் படையில் ஒருத்தருக்கும் வரவில்லையே?