ஆடிக் காற்றில் மின்சார கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு

மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் கிளட்ச் மிதிக்காமல் ஊர்ந்து போகும் சுகத்துக்கே மின்சார கார் வாங்கலாம். பிடிக்காதது ஒன்றுதான்: ரேஞ்ச், அதாவது இருக்கிற சார்ஜில் இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று கார் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, அதுவும் ஆனி, ஆடியில் திருநெல்வேலி போய்விட்டு நாகர்கோவில் திரும்பும்போது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் கிழக்கே பாயும். போகும்போது முதுகில் தள்ளிவிடும், வரும்போது முகத்தில் அறையும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்! 80 கி.மீ. வேகத்தில் போகிற காருக்கு எதிரே 30 கி.மீ. வேகக் காற்று வந்தால் காற்றுத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் போகும்போது செலவான சார்ஜை வைத்துத் திரும்பும் கணக்கைப் போடாதீர்கள், திருநெல்வேலியிலேயே கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள், முடியவில்லையா, வள்ளியூர் தாண்டியதும் வேகத்தை 60க்குக் குறைத்துவிடுங்கள், நன்றாகவே தாங்கும்.

அப்புறம், வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுபவர்கள் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜே ஏற்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.