ஐப்பசியில் வரையாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் வேன் ஓட்டுகிறேன். குறுவை நெல் காசாகி, சம்பா நடவும் முடியும் ஐப்பசியில்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு மூணாறு நினைவு வரும். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு இந்த மாதத்தில் நான் ஏற்றிப் போனவர்களில் பாதிப் பேர் வரையாட்டைப் பார்க்காமல் பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். காரணம், நேரம்.

நம் ஊரில் ஐப்பசி மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் கடல் பக்கமிருந்து வந்து விடியும்வரை கொட்டும். அதனால் "வெளுக்கட்டும், மெதுவாகக் கிளம்பலாம்" என்பது நமக்குப் பழக்கம். மலையில் கணக்கு தலைகீழ். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். மதியத்துக்குமேல் இடியோடு மழை. ஆகவே முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே வண்டியில் ஏறிவிடுங்கள். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், தேனி வழியாக விடிவதற்குள் போடியில் தேநீர் குடிக்கலாம். பூங்கா திறந்ததும் உள்ளே போகிற முதல் சில பேருந்துகளில் இடம் பிடிக்க வேண்டும். வாசலுக்குமேல் நம் வண்டியை விடமாட்டார்கள், வனத்துறைப் பேருந்துதான். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். போடியில் நெய்ப் பொங்கல் மட்டும் வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் அது என் இருக்கைக்குத்தான் வந்து சேரும்.

குளிர் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் நடக்கிற ராஜமலை ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். பாபநாசத்தில் 30 டிகிரி என்றால் அங்கே 17 இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நனைந்த உடம்பில் புல்வெளிக் காற்று பட்டால் பல் கிட்டிக்கொள்ளும். பருத்தித் துணி நனைந்தால் அங்கே எளிதில் காயாது. கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, அதன்மேல் மழைக்கோட்டு. குடை வீண். ஒருவர் புதுக்குடையோடு ஏறினார். கம்பி மட்டும்தான் கையோடு திரும்பியது.

ஆனி, ஆடியில் நமக்குக் காற்றையும் புழுதியையும் மட்டும் தருகிற தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை அங்கேதான் கொட்டித் தீர்க்கிறது. அதனால் ஐப்பசியில் புல் பச்சையாகவும் ஓடைகள் நிறைந்தும் இருக்கும். ஒரு அத்தை ஓடையைப் பார்த்து, "தம்பி, இந்தத் தண்ணீர் நம் ஊருக்கு வருமா?" என்றார். அவர் பார்த்த ஓடையைப் பற்றித் தெரியாது. ஆனால் பூங்காவின் கிழக்குச் சரிவில் இறங்குகிற நீர் பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதிக்குப் போய், கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. சொன்னதும் கைகூப்பினார்.

ஆனைமுடி, 2,695 மீட்டர், காலையில் தெரிந்தால் உண்டு. நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான், என்னைக் கேட்காதீர்கள். வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, அது கரையைக் கடந்து மேற்கே நகர்கிறது என்று வானொலியில் கேட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த நாள் மலைப்பாதையில் மண் சரியும். முன்பணத்தைத் திருப்பித் தருவேன்.

மதியம் இரண்டுக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். போடிமெட்டில் மூட்டம் இறங்கினால் பத்தடி தெரியாது. முகப்பு விளக்கைத் தாழ்த்தித்தான் ஓட்டுவேன். உயர்த்தினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு என் கண்ணிலேயே அடிக்கும். அப்போது ஜன்னலை எல்லாம் இறுக மூடாதீர்கள். பதினாறு பேர் மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். இரண்டு விரல் அகலம் திறந்திருக்கட்டும். போடிக்கு வந்ததும் புழுக்கம் தாங்காமல் நீங்களே முழுதாகத் திறந்துவிடுவீர்கள்.