பாக்கெட் வரவில்லையா? பஸ் மாஸ்டர் பிட்டைப் பாருங்கள்

லினக்ஸில் பிசிஐ நெட்வொர்க் கார்டுக்கு (மதர்போர்டில் செருகும் வகை) நீங்கள் எழுதிய டிரைவரில் லிங்க் விளக்கு எரிந்தும் ஒரு பாக்கெட்கூட வரவில்லை என்றால், கார்டை மாற்றப் பணம் போடும் முன், இன்டர்ஃபேஸ் அப் ஆன நிலையில் பிசிஐ கார்டுகளின் நிலையைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இரண்டு ‘வி’ போட்டு (lspci -vv) ஓட்டுங்கள். கன்ட்ரோல் வரியில் ‘பஸ்மாஸ்டர்’ பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் கோளாறு அங்கேதான்.

லிங்க் விளக்கை எரியவைப்பது, கேபிள் சிக்னலைக் கையாளும் பிஹெச்ஒய் (PHY) சிப். அதற்கு பஸ் (கார்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு போகும் பாதை) அனுமதி தேவையில்லை. ஆனால் பாக்கெட்டை நினைவகத்தில் எழுத கார்டு தானே பஸ்ஸில் பேச வேண்டும். அதற்கான அனுமதி, பிசிஐ கமாண்ட் ரெஜிஸ்டரின் (முகவரி 0x04) 2-ஆம் பிட். கார்டு சிபியுவைக் கூப்பிடும் எம்எஸ்ஐ (MSI) இன்டரப்டும் கார்டு செய்யும் ஒரு நினைவக எழுத்தே என்பதால் அதுவும் வராது. பலர் இன்டரப்ட் கோடில் வீணாகத் தேடுவது இதனால்தான். லினக்ஸில் ‘பிசிஐ எனேபிள் டிவைஸ்’ இந்த பிட்டைப் போடாது. ‘பிசிஐ செட் மாஸ்டர்’ ஃபங்ஷனைத் தனியாக அழைக்க வேண்டும்.

யூஎஸ்பி ஈதர்நெட்டுக்கும், ராஸ்பெர்ரி பை 4-இன் சொந்த ஈதர்நெட்டுக்கும் இது பொருந்தாது. அவை பிசிஐ கார்டுகள் அல்ல. வெண்டார் ஐடியே (தயாரிப்பாளரைக் குறிக்கும் எண்) எஃப்எஃப்எஃப்எஃப் என்று வந்தாலும் டிரைவரில் தேடுவதை விட்டுவிடுங்கள், கார்டு பதிலே சொல்லவில்லை. பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் கார்டின் தங்க முலாம் விளிம்பில் பச்சை பூத்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சிழை உதிராத துணியால் துடைத்து, காய்ந்தபின் செருகிப் பாருங்கள்.