தீஃப் கோல்டை இப்போ திரும்ப விளையாடணுமா? அடியில இருந்து செட் பண்ற விதம்

1998ல லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் விட்ட, யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சு திருடுற தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட் கேமை அப்பவே ஆடினவங்க, பேரை மட்டும் கேள்விப்பட்டு இன்னும் தொடாதவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இது. சமீபத்துல மறுபடி முழுசா ஆடினேன். மூஞ்சி எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு, கிராஃபிக்ஸ்ல வயசு தெரியுது, ஆனா இருட்டையும் சத்தத்தையும் வச்சு இந்த கேம் பண்ற வேலைய அதுக்கப்புறம் வந்த பெரிய பெரிய கேம்லகூட நான் பார்க்கல. அந்த ரெண்டும் கெடாம செட் பண்ணிட்டா போதும், மத்தது எல்லாம் சின்ன விஷயம்.

ஸ்டெப் 1: எதை வாங்கணும்

தீஃப் கோல்டு வாங்குங்க. 1999ல வந்த பதிப்பு, பழைய கேமோட கூடுதலா 3 மிஷன் இருக்கு. ஜிஓஜி, ஸ்டீம்னு ரெண்டு ஆன்லைன் கேம் கடையிலயும் கிடைக்கும், ஆஃபர் டைம்ல ரொம்ப கம்மி விலைக்கு வரும். இன்ஸ்டால் பண்ணும்போது புரோகிராம் ஃபைல்ஸ் உள்ள போடாம தனியா ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க, இல்லன்னா விண்டோஸ் பர்மிஷன் பிரச்சனை வரும்.

ஸ்டெப் 2: பேட்ச்

பழைய சிடி வச்சிருந்தா அப்படியே ஓட்டப் பார்க்காதீங்க, ஒண்ணுக்கு மேல கோர் இருக்கிற பிராசஸர்ல அந்த ஒரிஜினல் எஞ்சின் பாதியில நின்னுரும். 2012ல நியூடார்க்னு ஒரு பேட்ச் வந்துச்சு, அதுதான் இந்த கேமுக்கு மறு உயிர் கொடுத்தது, வைட்ஸ்கிரீன், புது விண்டோஸ் எல்லாம் அதனாலதான் ஓடுது. அதை தனியா தேடி அலைய வேண்டாம், டிஃபிக்ஸ்னு ரசிகர்களே தொகுத்து வச்சிருக்கிற இன்ஸ்டாலர் இருக்கு, அதுக்குள்ளயே நியூடார்க்கும் இருக்கும், மிஷன்ல இருந்த பழைய பக்குகளுக்கான திருத்தங்களும் இருக்கும். கேம் இருக்கிற ஃபோல்டரை காட்டி ரன் பண்ணா முடிஞ்சது. நடுவுல புது டெக்ஸ்சர் (சுவர், தரை மேல தெரியிற படம்), புது மாடல் (ஆள், பொருளோட உருவம்) வேணுமான்னு கேட்கும். முதல் தடவை அதெல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன், அந்த நகரத்தோட அழுக்கும் மங்கலும் பழைய டெக்ஸ்சர்லதான் சரியா இருக்கு.

ஸ்டெப் 3: சத்தமும் வெளிச்சமும்

இங்க நிதானமா இருங்க. ஆடியோ செட்டிங்ஸ்ல ஓபன்ஏஎல் (சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காட்டுற சாஃப்ட்வேர்) செலக்ட் பண்ணுங்க, ஹெட்ஃபோன் கண்டிப்பா போடுங்க. இந்த கேம்ல சத்தம் சுவர் வழியா நேரா வராது, ரூம் ரூமா, கதவு வழியா, வளைவு சுத்தித்தான் வரும், அதனால காலடி சத்தத்தை கேட்டே காவல்காரன் எந்தப் பக்கம் இருக்கான், கிட்ட வர்றானா போறானான்னு சொல்லிரலாம். உங்க காலடியும் அவனுக்கு இதே மாதிரிதான் போய்ச் சேருது.

காமாவை, அதாவது திரையோட வெளிச்சத்தை, ஏத்தி வைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். ரூம் லைட்டை அணைச்சிட்டு ஆடுங்க. கீழ நடுவுல ஒரு கல் தெரியும்ல, அது கறுப்பா இருந்தா நீங்க யார் கண்ணுக்கும் தெரியல, பளபளன்னு இருந்தா மாட்டிக்குவீங்க.

ஸ்டெப் 4: கீ

பழைய டீஃபால்ட் கீ கைக்கு வராது. நடக்கிறதுக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி வைங்க, சாஞ்சு எட்டிப் பார்க்கிற கீயும் மெதுவா நடக்கிற கீயும் விரலுக்கு பக்கத்துலயே இருக்கணும். அப்புறம் ட்ரெய்னிங் மிஷனை விடாதீங்க, பழைய ஆளா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 5: பாஃபோர்ட் மாளிகை

ட்ரெய்னிங் முடிஞ்சதும் வர்ற முதல் திருட்டு இதுதான், பாஃபோர்டோட செங்கோலைத் திருடணும். கஷ்டம் எக்ஸ்பர்ட்லயே வைங்க. புதுசா ஆடுறவங்களுக்கு எக்ஸ்பர்ட்டான்னு கேட்கலாம், ஆனா அதுல யாரையும் கொல்லக் கூடாதுங்கிற விதி இருக்கு, அந்த விதிதான் உங்களை ஒழுங்கா திருட வைக்கும். நீங்க ஆடுற திருடன் காரெட் வாள் சண்டைக்கான ஆளே இல்ல, ரெண்டு பேர் சேர்ந்து வந்தா கதை முடிஞ்சது.

முன்வாசலை மறந்திருங்க. தெருவை சுத்திப் போனா கிணத்துப் பக்கம் ஒரு காவல்காரன் நிப்பான். நிழல்லயே போய் பின்னாடி நின்னு, பிளாக்ஜாக் தடியை ஓங்கி தலையில ஒண்ணு போட்டா மயங்கிருவான், அவன்கிட்ட இருக்கிற சாவிதான் உங்க வழி. அந்த சாவியால கிணறு இருக்கிற ரூம் கதவைத் திறந்து, கிணத்துல குதிச்சு நீந்தினா மாளிகையோட அடித்தளத்துக்கு போயிரலாம். மயங்கினவனை வெளிச்சத்துல போட்டுட்டு போகாதீங்க, தூக்கி இருட்டுல வைங்க, இன்னொருத்தன் பார்த்தா கூச்சல் போடுவான்.

உள்ள போனதும் தரையைப் பார்த்து நடங்க. கார்பெட்ல சத்தமே வராது, டைல்ஸ்லயும் இரும்புலயும் ஓடினா பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். தீப்பந்தத்தை தண்ணி அம்பு விட்டு அணைக்கலாம், கரண்ட் விளக்கு அதுக்கு அணையாது, சுவிட்ச் இருக்கான்னு தேடுங்க. மேப் கையால வரைஞ்ச மாதிரிதான் இருக்கும், நீங்க நிக்கிற இடத்தை புள்ளி வச்சு காட்டாது, ஒரு மூலையில நின்னு ரெண்டு ரவுண்டு காவல்காரன் போற வழியை பார்த்துட்டு கிளம்புங்க. செங்கோல் சிம்மாசன ரூம்ல இருக்கு, மிச்சத்தை நீங்களே கண்டுபிடிங்க.

அடுத்த மிஷன் கிராக்ஸ்கிளெஃப்ட் சிறை, அதுல சுரங்கத்துல ஸோம்பி வரும், தடியால அடிச்சா மயங்காது, வாளால வெட்டி சாய்ச்சாலும் கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிரும். நின்னு சண்டை போடாம நழுவிப் போயிருங்க, நெருப்பு அம்பு கிடைச்சா வேற வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.