கடைசி வருட ஆய்வேடு: கரையோர மாணவர்களுக்கு ஒரு செய்முறை

இளங்கலை கடைசி வருடத்தில் தனியாக ஆய்வு செய்யப் போகிறீர்களா? ராமநாதபுரம் கரையில் தலைப்புக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம்.

1. கேள்வியைச் சுருக்குங்கள். ‘மன்னார் வளைகுடா மீனவர் வாழ்வு’ ஒரு செமஸ்டரில் முடியாது. ‘சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் மாதம் எத்தனை நாள் கடலில் இறங்குகிறார்கள்?’ என்பது முடியும். அதே பாசியைத் தாவரவியல் மாணவர் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று இனம் பிரித்துப் பார்க்கலாம். பொருளியல் மாணவர் விலையைத் தொடரலாம். தமிழ் மாணவர் வாடை, கச்சான் என்று காற்றுக்கு வழங்கும் பெயர்களைச் சேர்க்கலாம். வரலாறு படிப்பவர்கள் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்தவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது.

2. காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு மீன்வரத்தைக் கணக்கெடுப்பதென்றால் தடை தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதிக்கு அலைவதைவிட, முதல் ஆய்வைக் கரையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

3. படியுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இணையத்தில் இலவசம். படிக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் குறித்துவிடுங்கள்.

4. கேள்விகளை மூன்று பேரிடம் ஒத்திகை பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். நான் ஒத்திகை பார்க்காமல் ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று அச்சடித்த தாளோடு பாசி எடுக்கும் பெண்களிடம் போனேன். “அதை எப்படிம்மா சொல்றது? ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது” என்றார்கள். அத்தனை தாளும் வீண். அப்புறம் ‘நேத்து எத்தனை கிலோ எடுத்தீங்க, யாருக்குப் போட்டீங்க?’ என்று மாற்றிக் கேட்டேன். கணக்கு தானாக வந்தது. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லுங்கள். சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

5. அன்றைய குறிப்பை அன்று இரவே விரித்து எழுதுங்கள். களத்தில் பென்சில்தான் சரி, ஈரம் பட்டாலும் எழுத்து கலையாது.

6. முதலில் ‘ஆய்வு முறை’ இயலை எழுதுங்கள். செய்ததைச் சொல்வதுதானே, தயக்கம் உடைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைடிடம் பக்கங்களோடு போங்கள்.

7. ஒப்படைக்கும் முன், பேசியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் இரண்டு பாசிகளின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். ஓர் அக்கா இரண்டையும் கையில் எடுத்துக் காட்டித் திருத்தினார்.